ஓரக்கண்ணுக்கான கருவிகள்

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் மழையை நம்பியவை. சின்ன வெங்காயத்துக்குக் கிணறு வேண்டும். கிணற்றுக்கு மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்று கண்காணிக்க ஊர்களில் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. மோட்டார் கொட்டகைக்குள் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே மூன்று குண்டு பல்புகளை, பேஸுக்கு ஒன்றாக மாட்டிவிடுவார்கள். மூன்றும் ஒரே பொலிவில் எரிந்தால் மோட்டாரைப் போடலாம். ஒன்று அணைந்திருந்தால் ஒரு பேஸ் இல்லை. ஒன்று பளிச்சென்று எரிய, மற்ற இரண்டிலும் இழை மட்டும் சிவந்து கிடந்தால், கோளாறு பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மருக்கு முந்தைய உயரழுத்தக் கம்பியில் இருக்கும். வரப்பில் நின்றபடியே இவ்வளவும் தெரிந்துவிடும்.

குண்டு பல்பு இந்த வேலைக்கு வாய்த்ததற்குக் காரணம் இயற்பியல். அதன் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு சமமாக ஏறி இறங்குவதில்லை. அதைவிட வேகமாக மாறும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். மின்னழுத்தம் பாதியானால் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சிறிய மாற்றத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குக் காட்டும் மீட்டர் அது. ஒரு பேஸ் போன நிலையில் மோட்டார் ஓடினால் மிச்சமுள்ள சுருள்களில் மின்னோட்டம் எகிறிக் காயில் கருகும். மறுபடி காயில் கட்ட ஆகும் செலவு விவசாயிக்குத் தெரியும். இதே இடத்தில் இன்றைய எல்இடி பல்பை மாட்டிப் பாருங்கள். அதனுள் இருக்கும் மின்சுற்று, மின்னழுத்தம் எப்படித் தள்ளாடினாலும் வெளிச்சத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது. விளக்காக அது மேலானது. செய்தி சொல்வதில் ஊமை.

கூரையில் தொங்கிய கயிறு

அறிவிப்பை ஒரு திரையில் அடைக்காமல் சுற்றுப்புறத்திலேயே கலந்துவைக்கும் இந்த வழியைக் கணினி அறிவியல் 1990களில் தீவிரமாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த மார்க் வைசர், கணினிகள் எங்கும் பரவி, கண்ணை உறுத்தாமல் அன்றாட வாழ்வில் கரைந்துபோகும் காலம் வரும் என்று 1991இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, ஜான் சீலி பிரவுனுடன் சேர்ந்து இதற்கு ‘அமைதித் தொழில்நுட்பம்’ என்று பெயர் வைத்தார். நல்ல கருவி நம் கவனத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும், தேவைப்படும்போது மையத்துக்கு வர வேண்டும், வேலை முடிந்ததும் ஓரத்துக்கே போய்விட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டைச் செய்தவர் ஒரு கலைஞர். நடாலி ஜெரமிஜென்கோ, எட்டடி நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் கயிற்றை அலுவலகத்தின் கூரையில் பொருத்திய சிறு மோட்டாரில் தொங்கவிட்டார். மோட்டார் கணினி வலையமைப்பின் கம்பியோடு இணைந்திருந்தது. கம்பியில் தகவல் போகப் போகக் கயிறு துடிக்கும். வலையமைப்பில் நடமாட்டம் குறைவென்றால் சில நொடிக்கு ஒருமுறை ஒரு சிலிர்ப்பு. நெரிசல் என்றால் விர்ரென்ற சத்தத்தோடு வெறிபிடித்ததுபோல் சுழலும். நடைவழியின் ஒரு மூலையில் தொங்கிய அதைப் பல அறைகளிலிருந்தும் பார்க்கலாம், கேட்கலாம். எத்தனை தகவல் போயிற்று என்ற எண்ணிக்கையை யாரும் பார்க்கவில்லை. ஆனால் வலையமைப்பு எப்படி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கயிறு வேலை செய்ததற்குக் கண்ணின் அமைப்பே காரணம். நம் பார்வையில் துல்லியமாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த நகத்தின் அகலம், அவ்வளவுதான். எழுத்தும் எண்ணும் அங்கேதான் படிக்கப்படும். மற்ற பரப்பு முழுவதும் எழுத்தைப் படிக்காது. ஆனால் அசைவையும் மினுக்கத்தையும் உடனே பிடித்துவிடும். ஆகவே எண்களைக் காட்டும் பலகை நம்மைத் திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறது. ஆடும் கயிறு, நிறம் மாறும் விளக்கு, சுழலும் காற்றாடி ஆகியவை ஓரக்கண்ணிலேயே தங்கள் வேலையை முடித்துக்கொள்கின்றன.

காதுக்கும் இதே குணம் உண்டு. மாறாத ஒலியை மூளை சீக்கிரமே ஒதுக்கிவிடும். மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் இரைச்சலில் தூங்குகிறவர், அது நின்றதும் விழித்துக்கொள்வது இதனால்தான். ஏரிக்கரை ஊர்களில் கலிங்கு வழிந்தால், தண்ணீர் விழும் சத்தமே ஊருக்கு அறிவிப்பு. தூம்பின் கல்தூண்கள் ஏரிக்குள் எவ்வளவு வெளியே தெரிகின்றன என்பதே நீர்மட்டத்தின் கணக்கு. அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டி முதலாம் இராஜேந்திரன் வெட்டுவித்த சோழகங்கத்தை, இன்றைய பொன்னேரியை, நீராலான வெற்றித்தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. பாசனக் கட்டுமானத்தை ஒரு கலைச் சின்னமாகவும் எண்ணிய மனம் அது. வெற்றியைச் சொல்லும் கல்தூண் என்றும் ஒரே உயரத்தில் நிற்கும். நீர்த்தூணோ ஆண்டுதோறும் ஏறி இறங்கி, மழையின் கணக்கையும் சேர்த்தே சொல்லும்.

வாசலில் ஒரு செய்தி

அழகும் விளையாட்டும் செய்தியும் ஒன்றாய் இருக்கும் பொருளைத் தேடி நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. கோலம் போதும். காலையில் ஒரு தெருவைக் கடந்து போகிறவர் எந்தக் கோலத்தையும் நின்று படிப்பதில்லை. ஆனால் ஒரு வாசல் வெறுமையாய் இருந்தால் அது கண்ணில் பட்டுவிடும். அந்த வீட்டில் துக்கமா, உடம்புக்கு முடியவில்லையா, ஊரில் இல்லையா என்ற கேள்வி எழும். கோலத்தைச் சுற்றிக் காவி இட்டிருந்தால் விசேஷம். நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ இருந்தால் மார்கழி. வழிப்போக்கரின் கவனத்தைக் கேட்காமலே இத்தனை செய்தி போய்ச் சேர்கிறது.

இதைச் செய்பவருக்கோ அது செய்தி அனுப்பும் வேலை அல்ல. பதினைந்து புள்ளி, ஊடு புள்ளி எட்டு வரை, கை எடுக்காமல் ஒரே இழையில் முடிக்க முடியுமா என்பதுதான் அவர் முன்னுள்ள சவால். அந்தப் புதிருக்குள் கணிதம் ஒளிந்திருப்பதைக் கண்டவர்கள் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும். கமலா கிருத்திவாசனுடன் இணைந்து அவர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்கள் உருவாகும் விதிகளைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு பொருத்திக் காட்டியது. கோலம் போடுகிறவருக்குக் கிடைப்பது புதிரை விடுவித்த மகிழ்ச்சி. தெருவுக்குக் கிடைப்பது அந்த வீடு நலமாயிருக்கிறது என்ற தகவல். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்திருக்காது. ‘நலம்’ என்று தினமும் ஒரு சீட்டு எழுதி வாசலில் ஒட்டச் சொன்னால் எத்தனை வீடுகள் ஒரு மாதம் தாண்டும்?

அழகும் விளையாட்டும் செய்யும் வேலை இதுதான். நாளெல்லாம் உடனிருக்க வேண்டிய ஒரு கருவியை மனிதர்கள் பொறுத்துக்கொள்ளவும், விரும்பிப் பார்க்கவும், பழுதானால் சரிசெய்யவும் அவை காரணமாகின்றன.

புகையில் வரைந்த படம்

இந்த எண்ணத்தோடு உலகெங்கும் பல சோதனைகள் நடந்தன. எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ஹிரோஷி இஷியின் குழு, தகவலின் போக்குக்கு ஏற்ப மோட்டாரால் சுழலும் காற்றாடிகளைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டது. பனையோலையில் குழந்தைகள் செய்யும் காற்றாடி காற்றைக் காட்டுகிறது. இது கண்ணுக்குத் தெரியாத தகவலின் வீச்சைக் காட்டியது. சுவீடனில் 2005 வாக்கில் உருவான ஒரு மின்கம்பி, தனக்குள் பாயும் மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப நீல ஒளியாய் ஓடியது. டிவியை அணைக்காமல் விட்டால் சுவரோரக் கம்பியே சொல்லிவிடும்.

எல்லாவற்றிலும் துணிச்சலானது ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 2008 பிப்ரவரியில் நடந்தது. ஹெலன் எவன்ஸ், ஹைக்கோ ஹான்சன் என்ற இரு கலைஞர்கள் சால்மிசாரி மின்நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் ஆவிமேகத்தின் மீது, இரவில் பச்சை லேசர் ஒளியால் ஒரு கோட்டுரு வரைந்தார்கள். சுற்றுவட்டார மக்கள் மின்சாரத்தைக் குறைவாகப் பயன்படுத்தினால் பச்சை மேகம் பெரிதாகும். அதிகம் பயன்படுத்தினால் சுருங்கும். மேகத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் வீட்டில் விளக்கை அணைக்க வேண்டும். கட்டணச் சீட்டில் வரும் யூனிட் கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் தெரியும். வானத்தில் தெரிந்த அந்தப் படம் ஊர் முழுவதுக்கும் சேர்த்து ஒரே கணக்காக இருந்தது. எல்லோரும் சேர்ந்து ஆடும் ஆட்டமாகவும் ஆனது.

புகைபோக்கி என்றதும் அரியலூர் நினைவுக்கு வருவது இயல்பு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசு சிமென்ட் ஆலையும் தனியார் ஆலைகளும் அமைந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகளும் தூசியும் மாவட்டத்தின் அன்றாடம். சிமென்ட் உள்பட அதிக மாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் புகையைத் தொடர்ந்து அளந்து, அளவுகளை இணையவழியே அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. இப்படிப்பட்ட ஆலைகளின் வாசலில் மின் எழுத்துப் பலகைகள் இருப்பதையும் பார்க்கலாம். பிஎம் 10 இவ்வளவு, கந்தக டை ஆக்சைடு இவ்வளவு என்று சிவப்பு எழுத்துகள் ஓடும். இந்தியத் தர அளவுப்படி 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 10 துகள்கள் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்த எல்லை தெரியாதவருக்குப் பலகையில் ஓடும் 87ம் 187ம் ஒன்றுதான். தகவல் வெளியிடப்பட்டுவிட்டது, அது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

2015 ஏப்ரலில் தொடங்கிய தேசிய காற்றுத் தரக் குறியீடு இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்தது. பச்சையில் தொடங்கி அடர்சிவப்பில் முடியும் ஆறு நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கச் சொல். ஆனால் அந்த நிறத்தைப் பார்க்கவும் செல்பேசியைத் திறந்து தேட வேண்டியிருக்கிறது. மறுபாதியைத் தீர்க்க முயன்றவர்கள் 2018இல் பெங்களூரிலும் டெல்லியிலும் நுரையீரல் வடிவில் பெரிய வெள்ளைப் பதாகைகளைத் தெருவோரம் நிறுத்தினார்கள். வடிகட்டித் துணியால் செய்த அவற்றின் பின்னால் விசிறிகள் காற்றை இழுத்தன. டெல்லி கங்காராம் மருத்துவமனையில் வைத்த நுரையீரல் சில நாட்களிலேயே கறுத்தது. அதில் கணினி இல்லை, எண் இல்லை. அளக்கப்படும் தூசியே படத்தை வரையும் மையாக இருந்தது. ஏமாற்ற முடியாத காட்டி என்பதே அதன் பலம்.

ஆறிப்போகும் விளையாட்டு

விளையாட்டைச் சேர்த்தாலே கருவி வென்றுவிடும் என்பதும் இல்லை. 2009இல் ஸ்டாக்ஹோம் நகரின் ஒடென்பிளான் ரயில் நிலையத்தில் படிக்கட்டைப் பியானோ கட்டைகளாக மாற்றினார்கள். மிதித்தால் இசை எழும். நகரும் படியை விட்டுவிட்டு வழக்கத்தைவிட 66 சதவீதம் அதிகமானோர் படியேறினார்கள் என்று அறிவித்தார்கள். அது ஒரு விளம்பர இயக்கம். கொஞ்ச நாள்தான் நடந்தது. அதே வழியில் பல மாதம் வேலைக்குப் போய்வருகிறவருக்கு அந்த இசை எத்தனை நாள் புதிதாக இருந்திருக்கும்? மாறாத ஒலியை மூளை ஒதுக்கிவிடும் என்று மேலே பார்த்த விதி விளையாட்டுக்கும் பொருந்தும்.

பிரான்சில் 2005இல் வந்த நபஸ்தாக் என்ற மின்னணு முயலின் கதை வேறு விதம். காதை ஆட்டியும் வயிற்றில் நிறம் மாற்றியும் வானிலையையும் மின்னஞ்சலையும் அறிவித்த அந்த முயலை வீடுகள் செல்லப்பிராணிபோல் வைத்திருந்தன. அதன் மூளை வீட்டில் இல்லை. நிறுவனத்தின் தொலைதூரக் கணினியில் இருந்தது. 2011இல் அந்தக் கணினிகளை நிறுத்தினார்கள். முயல்கள் ஒரே நாளில் பொம்மையாகின.

இந்த இரண்டையும் கோலத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். பியானோப் படிக்கட்டில் விளையாட்டை யாரோ செய்துவைத்தார்கள், மற்றவர்கள் அனுபவித்தார்கள். கோலத்தில் விளையாடுகிறவரே செய்கிறவர். இன்று போட்டது நாளை இருக்காது, நாளைக்கு வேறு. மாவு தீர்ந்தால் தெருமுனைக் கடையில் கிடைக்கும். நெடுநாள் நிலைக்கும் காட்டிக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: பயன்படுத்துகிறவர் கை அதில் பட வேண்டும், பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடிய வேண்டும்.

ஆபத்து வரும்போது

ஓரக்கண் போதாத நேரங்களும் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்து மலையடிவாரங்களில் தொடங்கி அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் சேரும் மருதையாறு, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் காட்டாறு. 1956 நவம்பர் 23 அதிகாலை, கனமழையில் அது பெருகி ஓடியது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே அந்த ஆற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளானது. இஞ்சினும் பல பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஆற்றுக்குத் தெரிந்தது இஞ்சின் ஓட்டியவருக்குத் தெரியவில்லை. இத்தகைய இடத்தில் நுட்பமான நிறமாற்றத்துக்கு வேலை இல்லை. பாலத்தூணில் அபாய மட்டத்தைக் குறிக்கும் சிவப்புப் பட்டையும், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் முன் அலறும் சைரனும் அழகாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனாலும் அபாய அறிவிப்புக்கும் அன்றாட அறிவிப்புக்கும் இடையே ஒரு பிணைப்பு இருக்கிறது. நம் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் கூண்டுகளைப் பாருங்கள். 1864இல் கல்கத்தாவைப் புயல் தாக்கிய மறு ஆண்டே அங்கு தொடங்கிய துறைமுக எச்சரிக்கை முறையின் வாரிசு அவை. பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளின் வரிசை. மொத்தம் 11 எண்கள். 11ஆம் எண்ணுக்கு, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ‘எனக்கு எதுவும் தெரியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளவும் ஒரு குறி வைத்திருப்பது அந்த வடிவமைப்பின் நேர்மை. கூண்டைப் பார்த்துப் பழகியதால்தான் கடற்கரைக்கு அதன் எண் புரிகிறது.

புதுச்சேரியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மையம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அன்றாடம் சொல்லிவந்தது. 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து சுனாமி பற்றி எச்சரித்தார். அந்த ஊரின் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் வீடுகளை விட்டு வெளியேறி உயிர் தப்பினார்கள். தினமும் காதில் விழுந்துகொண்டிருந்த குழாய் என்பதால், அன்று அது சொன்னதை ஊர் சந்தேகிக்கவில்லை. என்றோ ஒரு நாள் மட்டும் பேசும் கருவியை நம்பலாமா என்று யோசிப்பதற்குள் அலை வந்துவிடும்.

அழகுக்கும் விளையாட்டுக்கும் ஆதரவான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. அழகாக இருப்பதைத் தினமும் பார்ப்போம். தினமும் பார்ப்பதன் வழக்கமான முகம் நமக்குத் தெரியும். முகம் மாறினால் உடனே புரியும், புரிந்தால் அசைவோம்.

நம் ஊரில் செய்தால்

காற்றை அளக்கும் உணரிகள் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. எல்இடி சரங்கள் திருவிழாக் கடைகளிலேயே உண்டு. அரியலூர் பேருந்து நிலையச் சுவரில் ஒரு விளக்குக் கோலம் அமைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. காற்றில் தூசி குறைவாக இருக்கும்போது இழைகள் முழுதாக எரியும். கூடும்போது ஓரத்திலிருந்து ஒவ்வொரு இழையாக அவியும். 100 மைக்ரோகிராம் எல்லையைத் தாண்டினால் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். உணரி பழுதானால் புள்ளிகளும் நிறம் மாற வேண்டும். 11ஆம் எண் கூண்டின் பாடம் அது. வடிவத்தை மாதம் ஒரு பள்ளி வரைந்து தரட்டும். உணரியைத் திறந்து துடைத்து மாட்ட உள்ளூர் எலக்ட்ரீஷியன் பழகட்டும். மருதையாற்றின் மட்டத்தையும் பெரிய ஏரிகளின் கொள்ளளவையும் இதே வழியில் ஊர்ச் சாவடிகளில் காட்டலாம்.

அதைவிடக் கடினமான கேள்வி, அளவுகோல் யார் கையில் என்பது. அழகான காட்டிக்கு ஓர் ஆபத்தும் உண்டு: எண் பொய் சொன்னால் இன்னொரு எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம், பூத்து நிற்கும் ஒரு விளக்குக் கோலத்தோடு வாதாடுவது கடினம். ஆகவே எந்த அளவில் எந்த இழை அணையும் என்ற கணக்கு, கோலத்தின் கீழேயே எழுதி வைக்கப்பட வேண்டும். உணரியின் மூல அளவுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். தூசி கிளப்புகிறவர் பொறுப்பில் உணரியை விடக் கூடாது. இவை இல்லாமல் வரும் அழகு வெறும் ஜோடனை. இவை இருந்தால், இப்படி ஒரு திட்டத்துக்குச் செலவுக் கணக்குப் போடும்போது ‘அழகுக்கு’ என்று ஒதுக்கிய தொகையை முதலில் வெட்டுகிற வழக்கத்தை அதிகாரிகள் கைவிட வேண்டும். அந்தத் தொகைதான் கருவியை மக்கள் பார்வையில் வைத்திருக்கிறது.